பெருங்களத்தூர் முதல் மறைமலைநகர் வரை: கல்வி, தொழில், எதிர்காலத் திட்டமிடல்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்துக்கும் கல்லூரிகள் திறக்கும் நாட்களுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில், தமிழ்நாட்டுக் குடும்பங்களுள் பெரும்பாலானவை தம் பிள்ளைகளின் அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுக்கால உழைப்பு வாழ்க்கை பற்றிய முடிவை எடுத்துவிடுகின்றன. மதிப்பெண், கட்டணம், வீட்டிலிருந்து கல்லூரிக்கு உள்ள தொலைவு, உறவினர் ஒருவரின் மகன் என்ன படித்து எங்கே சேர்ந்தான் என்ற செய்தி ஆகிய நான்கும் சேர்ந்து அந்த முடிவைத் தீர்மானிக்கின்றன. பதினேழு வயதில் ஒரே முறை எடுக்கப்படும் இத்தகைய முடிவு, வேகமாக மாறும் தொழில் உலகில் எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதும், அதற்கு மாற்றாக எத்தகைய திட்டமிடல் தேவை என்பதும் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும். சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரம், பெருங்களத்தூர் வட்டாரம் இதற்கான களமாகக் கொள்ளப்படுகிறது; கல்வி நிலையங்களும் தொழிற்சாலைகளும் தோன்றி, வளர்ந்து, சில மறைந்தும் போன வரலாற்றை ஜி.எஸ்.டி. சாலையின் ஓரமாக இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இங்கே ஒருசேரக் காண முடிகிறது.

1837இல் பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன்னரே 1928இல் மருத்துவர் சௌரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனை இப்பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயரைத் தந்திருந்தது. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்த ரயில்தான் புறநகர்வாசிகளின் கல்வியையும் தொழிலையும் நகரத்தோடு பிணைத்த முதல் கயிறு எனலாம். பின்னர் 1984இல் சானடோரியத்தில் ஏற்றுமதிக்கான சிறப்புத் தொழில் வளாகமான மெப்ஸ் நிறுவப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் வண்டலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் தனியார் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. 2002க்குப் பின் செங்கல்பட்டை ஒட்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டி எழுந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும், பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. இவ்வளவு நிறுவனங்களுக்கு நடுவே வளரும் ஒரு மாணவருக்குத் தம் வீட்டைச் சுற்றி என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்பதே தெரியாமல் இருப்பது இவ்வட்டாரத்தின் பெருங்குறையாகும். அருகில் இருப்பதும் அறிந்திருப்பதும் வேறு வேறு என்பதைப் பள்ளிகள் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

தொழில் உலகின் நிலையாமைக்குப் பெருங்களத்தூரே தக்க சான்று. இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்துடன் சென்னையில் 1949 முதல் கார் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், இவ்வூரையும் வண்டலூரையும் ஒட்டிய தன் ஆலையின் பெயரால் இப்பகுதிக்கு ஓர் அடையாளத்தைத் தந்தது. ஹெரால்டு, கெஸல் போன்ற கார்கள் ஒரு தலைமுறைக்கு நன்கு அறிமுகமானவை. அந்நிறுவனத்தில் இடம் கிடைத்தால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை என்று கருதப்பட்ட காலமும் இருந்தது. எனினும் 1985இல் வெளியிடப்பட்ட ஸ்டாண்டர்டு 2000 என்னும் கார் விற்பனையில் தோல்வியுற, 1988இல் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்பப் பூங்கா நிற்கிறது. ஆலையில் பணிபுரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வயதினர் அதே இடத்துக்கு அடையாள அட்டை அணிந்து மென்பொருள் வேலைக்குச் செல்கின்றனர்.

இது தனித்த நிகழ்வும் அன்று. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் ஊதியத்தைத் தந்து, 2014இல் மூடப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் மறைமலைநகரில் கார் தயாரிக்கத் தொடங்கிய ஃபோர்டு நிறுவனம், 2021 செப்டம்பரில் வெளியேறும் முடிவை அறிவித்து, 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 2024இல் அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்கும் விருப்பத்தைத் தெரிவித்தது. இந்த மூடல்கள் நேர்ந்தபோதும் இப்பகுதியின் தொழில்வளம் குன்றவில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகிய இடங்களில் புதிய ஆலைகள் வந்தவண்ணம் இருந்தன. மண்டலம் வளர்ந்துகொண்டே இருக்கும்போதும் அதனுள் ஒரு நிறுவனமோ ஒரு துறையோ சரியக்கூடும் என்பதும், சரிவின் சுமை முழுவதும் அந்த ஒரே நிறுவனத்தின் ஒரே பணிக்குத் தம்மைப் பழக்கிக்கொண்ட தொழிலாளியின் மீது விழுகிறது என்பதும் இவற்றிலிருந்து தெளிவாகின்றன.

துறைகளின் ஏற்ற இறக்கத்தை விளக்கப் பொருளியலில் ‘சிலந்திவலை மாதிரி’ என்றொரு கருத்து உண்டு. விளைபொருள் சந்தையைப் புரிந்துகொள்வதற்காக உருவான இக்கருத்தைத் தமிழ்நாட்டு உழவர் எவரும் எளிதில் அறிவர்: தக்காளி விலை உச்சத்தில் இருக்கும் பருவத்தைப் பார்த்து எல்லாரும் தக்காளி நட, அறுவடை வரும்போது வரத்து பெருகி விலை சரிகிறது, சரிவைப் பார்த்து எல்லாரும் விலக, அடுத்த பருவத்தில் மீண்டும் விலை ஏறுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்டு ஃபிரீமன் 1976இல் இம்மாதிரியைப் பொறியாளர்களின் தொடக்க ஊதியத்துக்குப் பொருத்திக் காட்டினார். இன்றைய ஊதியத்தைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், நான்கு ஆண்டுகள் கழித்தே சந்தைக்குள் நுழைகிறார். அதற்குள் அதே கணக்கைப் போட்ட அனைவரும் அங்கே கூடியிருக்கின்றனர்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் வரலாறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். 2001இல் உலக அளவில் மென்பொருள் துறை தடுமாறியபோதும் 2008இல் நிதி நெருக்கடி வந்தபோதும் கணினிப் படிப்பின் மீது ஐயம் எழுந்தது. 2010களின் முற்பகுதியில் மெக்கானிக்கல் பிரிவில் இடம் பெறுவது பெருமையாகக் கருதப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்நிலை தலைகீழானது. மெக்கானிக்கல், சிவில் இடங்கள் காலியாகக் கிடக்க, கணினி அறிவியலும் அதன் கிளைகளான செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் ஆகியவையும் முதல் சுற்றிலேயே நிரம்பத் தொடங்கின. ஒரு காலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டிருந்த பொறியியல் கல்லூரிகளுள் பல, மாணவர் சேராமையால் மூடப்பட்டன. மீதமுள்ளவற்றுள் பல, இயந்திரப் பொறியியல் இடங்களைக் குறைத்துக் கணினி இடங்களைப் பெருக்கின. கணினி ஆசிரியர்களும் ஆய்வகங்களும் அதே வேகத்தில் பெருகினவா என்ற கேள்வியைச் சேர்க்கைக் காலத்தில் கேட்கும் பெற்றோர் மிகச் சிலரே. ஒரு பிரிவின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்வு செய்வதைவிட, அதைக் கற்பிக்கும் கல்லூரியின் ஆசிரியர் வலிமை, தேர்ச்சி விகிதம், ஆய்வக நிலை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்வு செய்வது மேலானது என்பதில் ஐயமில்லை.

மாணவருக்கு வழிகாட்டும் பொறுப்பு பள்ளிக்கு உண்டு என்ற எண்ணம் இந்தியாவுக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் (1952–53), பலவகைப் பாடங்களைக் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளையும், மாணவரின் திறனையும் விருப்பத்தையும் அறிந்து ஆலோசனை கூறும் பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களையும் பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அப்பரிந்துரையின் இரண்டாம் பகுதி பெரும்பாலான பள்ளிகளில் நிறைவேறவில்லை.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நினைவையும் குறிப்பிட வேண்டும். 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், மாணவர்கள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பதிலும் கழிக்க வேண்டும் என்றிருந்தது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட அது, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. இளம் வயதிலேயே தொழிற்பிரிவுக்கு மாணவரைத் திருப்பும் எந்த ஏற்பாட்டையும் தமிழ்ச் சமூகம் இன்றளவும் ஐயத்தோடு நோக்குவதற்கு அந்த அனுபவமே அடிப்படையாகும். அந்த ஐயம் நியாயமானது. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டத்தை ஏற்காமல் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கிய ‘கலைஞர் கைவினைத் திட்டம்’, பயனாளிகளின் குறைந்தபட்ச வயதை 35 என வைத்ததும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விலக்கியதும் அதே அக்கறையின் வெளிப்பாடுகளே. படிக்க வேண்டிய வயதில் ஒருவரைப் பிறப்பின் வழியே தொழிலுக்குள் தள்ளக் கூடாது என்ற கொள்கையில் தளர்வு கூடாது.

எனினும் அந்த நியாயமான ஐயத்தின் எதிர்விளைவாக, கைத்திறன் சார்ந்த கல்வி அனைத்தும் இரண்டாந்தரமாகக் கருதப்படும் நிலையும் உருவாகிவிட்டது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது அதனுடன் சேர்த்துத் தொழிற்பிரிவும் அறிமுகமானது. காலப்போக்கில் அது மதிப்பெண் குறைந்தவர்களின் புகலிடமாகச் சுருங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களாகிய ஐ.டி.ஐ.களுக்கும் இதே நிலைதான். செருமனியில் மாணவர் வாரத்தின் சில நாட்களைத் தொழிற்கூடத்திலும் சில நாட்களைத் தொழிற்பள்ளியிலும் கழித்து, ஊதியத்தோடு இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகளில் தேர்ச்சி பெறும் ‘இரட்டைப் பயிற்சி’ முறை மதிப்போடு விளங்குகிறது. அங்கே நிறுவனங்கள் பயிற்சியைத் தம் பொறுப்பாகக் கொள்கின்றன. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் அத்தகைய பொறுப்பை வற்புறுத்தியபோதும், பயிலுநர்கள் மலிவான கூலிகளாகப் பயன்படுத்தப்படுகின்றனர் என்ற குறை தொடர்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து நவீன இயந்திரங்களோடு மேம்படுத்தும் திட்டம் இந்நிலையை மாற்றக்கூடிய முயற்சியாகும். இயந்திரம் புதிதாவதோடு, அங்கிருந்து மேலே செல்லும் பாதையும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த ஒருவர் நேரடியாகப் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம்; ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டுக்குச் செல்லலாம். இந்த ஏணியை அறியாமையால்தான் பல குடும்பங்கள், கட்டணம் கட்ட இயலாத கல்லூரியில் கடன் வாங்கியேனும் பிள்ளையைச் சேர்க்கின்றன.

தொழில் வழிகாட்டல் என்னும் துறையின் கோட்பாடுகளும் இந்த மாற்றங்களுக்கேற்ப நகர்ந்துள்ளன. 1908இல் பாஸ்டன் நகரில் வழிகாட்டு மையம் நிறுவிய ஃபிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்னும் மூன்று படிகளை வகுத்தார். தொழில்கள் நிலையாக இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் இம்முறையே இன்றும் பெரும்பாலான திறனறி தேர்வுகளுக்கு அடிப்படை. 1950களில் டொனால்டு சூப்பர், தொழில் தேர்வு வாழ்நாள் முழுவதும் வளரும் செயல் என்றும், ஏறத்தாழ 15 முதல் 24 வயது வரை ஒருவர் பலவற்றை முயன்று பார்க்கும் தேடல் பருவம் என்றும் விளக்கினார். 1999இல் ஜான் குரும்போல்ட்ஸும் அவருடன் பணியாற்றியோரும், எதிர்பாராத வாய்ப்புகளை உருவாக்கிக்கொள்ளவும் பயன்படுத்திக்கொள்ளவும் பழகுவதே திட்டமிடலின் மையம் என்று வாதிட்டு, அதற்கு ‘திட்டமிட்ட தற்செயல்’ என்று பெயரிட்டனர். ஆர்வம், விடாமுயற்சி, நெகிழ்வு, நம்பிக்கை, துணிவு ஆகியவற்றை அவர்கள் கற்பிக்கத்தக்க திறன்களாகக் கொண்டனர். தாம்பரத்தைச் சுற்றி நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்டால் மூன்றாம் பார்வையே மெய்க்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை: பொருளாதாரப் பின்புலம் இல்லாத குடும்பத்துப் பிள்ளையிடம் துணிவாக இரு என்று கூறுவது மட்டும் போதாது. தவறினால் தாங்கிக்கொள்ளும் வலையைச் சமூகம் விரித்திருந்தால்தான் நெகிழ்வு என்பது அப்பிள்ளைக்குக் கைகூடும்.

அந்த வலையின் சில இழைகள் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நெய்யப்பட்டுள்ளன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம், ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டு, அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வழிகாட்டலை நுழைத்தது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும், உயர்கல்வியில் சேராமல் நின்றவர்களைத் தேடிச் சென்று சேர்க்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் நடத்தப்படுகின்றன. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பெருங்களத்தூரிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பயணச் செலவு, தேநீர், நகல் எடுக்கும் செலவு ஆகியவற்றுக்கு அந்தத் தொகை போதும். படிப்பைக் கைவிடத் தூண்டுபவை பெரும்பாலும் இத்தகைய சிறு செலவுகளே என்பதால் இதன் மதிப்பு தொகையைவிடப் பெரிது.

2021–22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதினருள் உயர்கல்வியில் சேர்ந்தோரின் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 மட்டுமே. கல்லூரி வாசலைத் திறந்துவிட்ட வெற்றி இது. ஆனால் வாசலுக்குள் நுழைந்தவர் எங்கே வெளியேறுகிறார் என்பதில்தான் இனி கவனம் செல்ல வேண்டும். 2022இல் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 7,301 பணியிடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான அத்தேர்வை எழுதியோருள் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் ஏராளம். அரசுப் பணியின் மீதான ஆசையைக் குறை கூற இடமில்லை. தனியார் வேலையின் நிச்சயமின்மையைத் தந்தையின் தலைமுறையில் கண்ட வட்டாரத்தில் அது இயல்பான தற்காப்பு. எனினும் வேறு திறன் எதையும் வளர்க்காமல் ஐந்தாறு ஆண்டுகளைத் தேர்வுத் தயாரிப்பில் மட்டுமே கழிப்பது ஆபத்தான பந்தயமாகும். எத்தனை முயற்சிகள், எந்த வயது வரை, அதற்கு இணையாக எந்த வேலை என்பதைத் தொடங்கும்போதே எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பெண்களைப் பொறுத்தவரை திட்டமிடல் பெரும்பாலும் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெண்களின் சேர்க்கை விகிதம் ஆண்களுக்குக் குறையாமல் இருக்க, திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் பின் பணியில் தொடர்வோர் எண்ணிக்கை சரிகிறது. மாலை நேரம் வீடு திரும்பும் ரயில் பாதுகாப்பாக இருப்பதும், பணியிடத்துக்கு அருகே குழந்தைக் காப்பகம் இருப்பதும் பாடத்திட்டத்தைப் போலவே தொழில் திட்டமிடலின் பகுதிகள் என்று கொள்ளப்பட வேண்டும். மகளுக்கு எந்தப் படிப்பு என்று கேட்கும் குடும்பம், அவள் முப்பத்தைந்து வயதில் எந்தப் பணியில் இருப்பாள் என்று அரிதாகவே கேட்கிறது.

செயற்கை நுண்ணறிவின் வரவு இந்தக் கேள்விகள் அனைத்தையும் கூர்மையாக்கியுள்ளது. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, 2030க்குள் உலகில் 17 கோடி புதிய வேலைகள் உருவாகும் என்றும் 9.2 கோடி வேலைகள் இல்லாமல் போகும் என்றும், இன்றைய பணித்திறன்களுள் 39 விழுக்காடு மாறும் அல்லது காலாவதியாகும் என்றும் மதிப்பிடுகிறது. இத்தகைய கணிப்புகள் நிறுவனங்களின் கருத்துகளைத் தொகுத்தவை என்பதால் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கற்றது ஒரு முறை போதும் என்ற காலம் முடிந்தது என்ற திசையை மட்டும் நம்பலாம். சிங்கப்பூர் அரசு 2016 முதல் 25 வயது நிரம்பிய தன் குடிமக்களுக்கு மறுகற்றலுக்கான நிதியை வழங்கிவருகிறது; அங்குள்ள தமிழரும் அதனால் பயன்பெறுகின்றனர். சென்னையிலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு, ஜே.இ.இ. தேர்வு இல்லாமல், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ சேரவும், சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என ஏதேனும் ஒரு கட்டத்தில் வெளியேறவும் இடம் தருகிறது. இடையில் நின்றவரையும் வயதானவரையும் மீண்டும் உள்ளே அழைக்கும் இத்தகைய கதவுகளே இனி ஒரு கல்வி முறையின் தரத்துக்கு அளவுகோல்.

இதுவரை பார்த்தவற்றை நடைமுறையில் ஒருங்கிணைக்க வேண்டிய இடம் பள்ளியே. வழிகாட்டு ஆசிரியர் பொறுப்பு பல பள்ளிகளில் ஏற்கெனவே பாடச்சுமை மிகுந்த ஒரு முதுகலை ஆசிரியரிடம் கூடுதலாக ஒப்படைக்கப்படுகிறது. வாரத்தில் அவருக்கென ஒதுக்கிய நேரம் இல்லாவிட்டால் திட்டம் தாளில் மட்டுமே நடக்கும். கட்டணச் சலுகைகள், முதல் பட்டதாரி உதவித்தொகை, அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, வங்கிக் கல்விக் கடன் விதிகள் ஆகியவற்றைப் பெற்றோர் பிளஸ் டூ முடிந்த பின் அல்லாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே அறிய வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டுக்குள் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டிய கடனுக்கும் அந்தப் படிப்புக்குக் கிடைக்கக்கூடிய தொடக்க ஊதியத்துக்கும் உள்ள பொருத்தத்தைக் கணக்கிடுவது எந்தத் திறனறி தேர்வையும்விட முதன்மையானது.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரும் உள்ளாட்சி உறுப்பினரும் முன்னாள் மாணவரும் இடம்பெறுகின்றனர். கட்டடமும் கழிப்பறையும் விவாதிக்கப்படும் அக்கூட்டங்களில், கடந்த ஆண்டு இப்பள்ளியை முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற ஒரு கேள்வியும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறட்டும். மெப்ஸ் வளாகத்துக்கும், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும், ரயில்வே பணிமனைக்கும், ஒரகடத்து ஆலைக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தாம்பரம் மாநகராட்சி ஏற்க வேண்டும். பெரும் நிதி தேவைப்படாத இப்பணியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க இயலும்.